முதல் குரலுக்குப் பதில்

1

2025 ஜூலை 29, செவ்வாய்க்கிழமை. சேலத்தில் விடுதி அறையில் விடியும்போதே எழுந்துவிட்டேன். குளித்தேன். அழுக்குத் துணிகளைத் தனிப் பையில் கட்டினேன். தண்ணீர் பாட்டில்களை நிரப்பி, மூடி இறுகியிருக்கிறதா என்று தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். பிள்ளைகளின் மாற்றுடைப் பையை வண்டியில் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தேன். மகள் மதிக்கு எட்டு வயது. வளைவுச் சாலையில் வாந்தி எடுப்பாள், அதனால் அவளுக்கு ஓர் இட்லி மட்டும். மகன் எழிலுக்கு நாலரை. அவனுக்குத் தோசையின் நடுப்பகுதி. முறுகலான ஓரத்தை என் மனைவி கவிதா சாப்பிட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் தட்டையே தள்ளிவிடுவான். ஒன்பதரை மணிக்கு ஓட்டுநர் சலீம் கீழேயிருந்து ஹாரன் அடித்தார்.

திருவண்ணாமலையில் வண்டியை வாடகைக்குப் பிடித்து, சிதம்பரம், தஞ்சாவூர், இராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று கீழே போய், திருநெல்வேலி, மதுரை, சேலம் என்று மேலே வந்துகொண்டிருந்தோம். அன்று கடைசிக் கட்டம். அரூர், தானிப்பாடி, தண்டராம்பட்டு வழியாக வேங்கிக்காலில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும். இரண்டு சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இத்தனை தூரம் எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள். பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டத்தான் என்று எல்லோருக்கும் பதில் சொன்னேன். அது பாதி உண்மை.

மீதி இதுதான்: எழில் பேசுவதில்லை. காது நன்றாகக் கேட்கிறது, சோதித்துவிட்டோம். சொல்வது புரிகிறது. செருப்பை எடு என்றால் எடுப்பான். வேண்டியதை என் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டுபோய் அதன் மேல் வைத்துக் காட்டுவான். ஆனால் பேசுவதில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. வீட்டுக்குள் தமிழும் வெளியே டச்சும் கேட்டு வளர்ந்ததில் குழம்பியிருக்கலாம், நாலு பக்கமும் ஒரே மொழி கேட்டால் நா எழலாம் என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை. மருத்துவர்கள் அப்படிச் சொல்லவில்லை. நாங்களாக நினைத்துக்கொண்டோம்.

2

நெதர்லாந்தில் ஐந்தோவன் நகரில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்க்கும் ஆய்வகத்தில் வேலை. அங்கே எங்கள் மாலைகள் எப்படிப் போகின்றன என்று ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அங்கே குழந்தைகளைப் பரிசோதிக்கும் மையத்தில் ஒரு செவிலி உண்டு. கனிவான பெண். எழிலைப் பொம்மைகளோடு உட்கார வைத்துவிட்டு அவன் முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு முறை பெயர் சொல்லி அழைப்பார். அவர் வாயில் ழகரம் வராது, ‘ஏசில்’ என்பார். அவன் திரும்பமாட்டான். அவர் எழுதிக்கொள்வார். கோடை விடுமுறை முடிந்ததும் இன்னொரு சோதனை இருக்கிறது. அழைத்தால் பதில் வந்தால் மதி படிக்கும் பள்ளியிலேயே அவனுக்கும் இடம். வராவிட்டால் ஊருக்கு வெளியே வேறு பள்ளி. காலையில் ஒரு வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அந்தப் பள்ளியும் நல்ல பள்ளிதான் என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். கவிதா அந்த வேனை ஒருநாள் தெருவில் பார்த்துவிட்டு வந்து அன்றைக்குச் சமைக்கவில்லை.

வீட்டில் பயிற்சி கொடுங்கள் என்று செவிலி சொல்லியிருந்தார். வெவ்வேறு அறையிலிருந்து, ஒரே மாதிரித் தெளிவான குரலில், அழைக்க வேண்டும். காத்திருக்க வேண்டும். மீண்டும் அழைக்க வேண்டும். நான் ஒழுங்குக்காரன். வேலையிலிருந்து வந்து கோட்டைக் கழற்றியதும் தொடங்கிவிடுவேன். மாடிப்படியிலிருந்து ‘எழில்’. சமையலறையிலிருந்து ‘எழில்’. தோட்டத்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ‘எழில்’. குளிர்காலத்தில் நான்கரைக்கே இருட்டிவிடும். அந்த இருட்டில் என் குரல் தெருவுக்குக் கேட்டிருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அம்மையார் ஒருநாள் குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டே, “உங்கள் பூனை கிடைத்துவிட்டதா?” என்று விசாரித்தார். கிடைத்துவிட்டது என்று சொல்லி நன்றியும் சொன்னேன்.

3

மதியின் தமிழ் எங்களிடமிருந்து மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. பொம்மைகளோடு டச்சில்தான் பேசுகிறாள். தமிழில் பேசும்போது டச்சு உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கும். டச்சில் ‘கூப்பிடுவது’, ‘கத்துவது’ இரண்டுக்கும் ஒரே சொல்தான். அதனால் அவள் “மிஸ் என்னைக் கத்துனாங்க” என்பாள். ஆசிரியை திட்டிவிட்டார் என்று முதலில் பதறியிருக்கிறோம். பிறகு பழகிவிட்டது. பழகியதால் கவனிக்கத் தவறிய ஒன்றும் உண்டு.

இராமேஸ்வரத்திலிருந்து கிளம்பிய அன்று வண்டியில் அவள் சொன்னாள்:

“அப்பா, நேத்து நீங்க தம்பிய கத்துனீங்க. அதான் அவன் சொன்னான்.”

“நான் யாரையும் கத்தலையேம்மா.”

“கத்துனீங்க. பீச்ல. நான் கேட்டேன்.”

நான் உண்மையிலேயே குரலை உயர்த்தியிருப்பேனோ என்று எனக்கே சந்தேகம். வெயில், கூட்டம், களைப்பு. “சரி, இனிமே கத்த மாட்டேன்” என்றேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். “அவன் சொன்னான்” என்ற பாதியை நான் காதில் வாங்கவே இல்லை.

சலீம் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். “ஆலந்து மேடம் அப்பாவுக்கே வார்னிங் குடுக்கறாங்க. நம்ம வூட்ல பசங்க வாயத் தொறந்தா என் சம்சாரம் கரண்டிய எடுத்துடுவா.”

“கரண்டின்னா என்ன அங்கிள்?” என்றாள் மதி.

“வேணாம் தாயே. தெரியாமயே இருங்க.”

4

அரூரைத் தாண்டியதும் மதியின் முகம் வெளுத்தது. தானிப்பாடிக்கு அருகில் நிறுத்தச் சொன்னேன். சாலையோரம் புளியமரங்கள் வரிசையாக நின்றன. சலீம் நிறுத்தவில்லை.

“கொஞ்சம் அடக்கிக்கச் சொல்லுங்க சார். உச்சி நேரம். புளியமரத்தாண்ட வேணாம், வேப்பமரமா பாத்து நிறுத்தறேன்.”

“வாந்திக்கு மரம் பாக்க முடியுமா சலீம்?”

“ஒரே நிமிசம் சார்.”

வேப்பமரம் வந்தது. ஒரு பக்கம் கடலை பிடுங்கிப்போட்ட நிலம். மறுபக்கம் ஏரிக்கரை. ஏரியில் தண்ணீர் இல்லை, தரை வெடித்துக் கிடந்தது. வீடு எதுவும் கண்ணில் படவில்லை. காற்றும் இல்லை. ஏரிக்கு அப்பால் வெகு தூரத்தில், வெயிலில் கரைந்துபோன நீலத்தில் அண்ணாமலை தெரிந்தது.

நான் மதியை ஓரமாக அழைத்துப்போய் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். கவிதா வண்டிக்குள் துண்டைத் தேடினாள். சலீம் டிக்கியைத் திறந்து தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார். எழில் திறந்த கதவருகே நின்றான்.

அப்போது கேட்டது.

“தோ வரேன்.”

சிறு பையனின் குரல். மழலை இல்லை. தினமும் பேசிப் பழகிய பிள்ளை விளையாட்டிலிருந்து சொல்வதுபோல அலட்சியமாக, தெளிவாக. நிமிர்ந்தேன். எழில் கரைச் சரிவில் இறங்கி வறண்ட ஏரிக்குள் ஓடிக்கொண்டிருந்தான். யாரோ காத்திருப்பதுபோல நேராக ஓடினான்.

மதியை விட்டுவிட்டு ஓடினேன். சலீம் எனக்கு முன்னால் போய் அவனை இடுப்போடு தூக்கிவிட்டார். எழில் கால்களை உதறி அழுதான். கை மட்டும் ஏரிப் பக்கம் நீண்டே இருந்தது. அந்தத் திசையில் துருப்பிடித்த ஒரு போர்வெல் குழாய் தவிர ஒன்றும் இல்லை.

எனக்குள் முதலில் வந்தது பயம் இல்லை என்பதை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும். என் மகன் பேசிவிட்டான். அங்கேயே நின்று சிரித்தேன் என்று கவிதா பிறகு சொன்னாள்.

சலீம் சிரிக்கவில்லை. “சார், நீங்க தம்பியக் கூப்ட்டீங்களா?”

“இல்லையே. நான் மதியப் புடிச்சிட்டு இருந்தேனே.”

“சரி சார்” என்று பிள்ளையின் முகத்தைக் கழுவிவிட்டார். எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, பாட்டை அணைத்து, ஒரு கிலோமீட்டர் போயிருப்பார். அதற்குமேல் அவரால் முடியவில்லை.

“சொல்லக்கூடாதுனு பாத்தேன். உங்க கொரல் கேட்டுது சார். தம்பி பேரச் சொல்லி. ஏரிக்குள்ளேர்ந்து.”

நான் பதில் சொல்வதற்குள் கவிதா பின்னால் இருந்து, “திருநெல்வேலியிலயும் கேட்டுதுங்க” என்றாள். “நீங்க கீழ ரூமுக்குப் பணம் கட்டப் போயிருந்தீங்க. பாத்ரூம்குள்ள இருந்து நீங்க அவனக் கூப்பிட்டீங்க. இவன் ‘தோ வரேன்’னு எந்திரிச்சான். கதவத் தொறந்து பாத்தேன், ஆளில்ல. அப்புறம் நீங்க மாடிப்படி ஏறி வந்தீங்க.”

“ஏன் சொல்லல?”

“என்னன்னு சொல்லறது? பையன் பேசிட்டான்னா, நீங்க ரெண்டு எடத்துல இருந்தீங்கன்னா?”

“நான் ராமேஸ்வரத்துலயே சொன்னேன்” என்றாள் மதி. “அப்பா தம்பிய கத்துனாங்கன்னு.”

இன்னொன்றும் என்னை உறுத்தியது. ‘தோ வரேன்’ என்பது எங்கள் திருவண்ணாமலைப் பக்கத்துப் பேச்சு. கவிதா கோயம்புத்தூர்க்காரி, ஒருநாளும் ‘தோ’ என்று சொன்னதில்லை. நானும் அதை விட்டு வருடங்கள் ஆகிவிட்டன.

முன் இருக்கையிலிருந்து திரும்பி அவனை அழைத்தேன். ‘எழில்’. காத்திருந்தேன். ‘எழில்’. தண்டராம்பட்டு வரை அழைத்துக்கொண்டே வந்தேன். அவன் நெற்றியைக் கண்ணாடியில் அழுத்தி, வண்டியோடு கூடவே வந்துகொண்டிருந்த மலையைப் பார்த்தபடி இருந்தான். என்னிடம் திரும்பவில்லை. என் குரலில் வேறு எதுவோ கூப்பிட்டால் ஓடுகிறவன்.

5

அக்கா விஜயாவின் வீடு வேங்கிக்காலில், கலெக்டர் அலுவலகத்துக்குப் பின்னால் புதிதாக வந்த மனைகளில் இருக்கிறது. மாமா வேலையாக வேலூர் போயிருந்தார். சலீம் பைகளை இறக்கினார். டீ குடித்துவிட்டுப் போங்கள் என்றால் வேண்டாம் என்றார். போகும்போது எழிலின் தலையில் கைவைத்து உதட்டுக்குள் எதையோ ஓதிவிட்டுப் போனார்.

மதி செருப்பைக் கழற்றும் முன்பே அத்தையிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அக்கா அவளை இடியாப்பத்தின் முன் உட்கார வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“மொத கொரலுக்கு வாயத் தொறக்கக்கூடாதுனு புள்ளைக்குச் சொல்லிக் குடுத்தியாடா?”

“அவன் பேசவே மாட்டேங்கறான்க்கா. பேசாதேன்னு வேற சொல்லிக் குடுக்கணுமா?”

“பேச வேணாம்னு யாரு சொன்னா? மூணாவது கொரலுக்குப் பேசட்டும். அது ஒரு வாட்டிதான் கூப்புடும். மனுசன்தான் திருப்பித் திருப்பிக் கூப்புடுவான். மறந்துட்டியா?”

மறக்கவில்லை. கீழ்பென்னாத்தூரில் நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது வெளியிலிருந்து பெயர் கேட்டால் அசையாமல் இருப்போம். இரண்டாவது குரலுக்கு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். மூன்றாவதற்குத்தான் பதில். தெரிந்தவர் குரலாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை, தெரிந்தவர் குரலில்தான் அது வரும் என்பார்கள். அந்தச் செவிலி அந்த வயதில் என் முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு முறை அழைத்திருந்தால் நானும் திரும்பியிருக்க மாட்டேன். எனக்கும் அந்த வேன் வந்திருக்கும்.

“ஊருக்குக் கெளம்பற வரைக்கும் யாரும் அவனப் பேர் சொல்லிக் கூப்புடாதீங்க” என்றாள் அக்கா. “நீ கூப்ட்டு நீ கூப்ட்டுத்தான் அதுக்கு வழி காமிச்சிருக்க.”

“இப்பத்தான் வாய் தொறந்திருக்கான். இப்ப விட்டா மறுபடி மூடிக்குவான். போனதும் டெஸ்ட் இருக்குக்கா. ஸ்கூல் போயிடும்.”

“அது கூட்டிட்டுப் போயிட்டா உன் ஸ்கூலு இன்னாடா பண்ணும்?”

“நீ டீச்சர் வேலை பாத்தவதானே? இதையெல்லாம் நம்பறியா?”

“நான் நம்பறது கம்மிதான். பயம்தான் ஜாஸ்தி. ரெண்டும் வேற.”

கவிதா இவ்வளவு நேரமும் எழிலின் காலில் ஒட்டியிருந்த ஏரி மண்ணை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்டேன்: “எப்படிக் கூப்பிட்டுது?”

“உங்க கொரல்தாங்க.”

“அது தெரியும். எப்படி?”

அவள் யோசித்தாள். “நீங்க இப்பக் கூப்பிடற மாதிரி இல்லீங்க. ஒரே தடவ. பொறுமையா. வந்தாலும் சரி, வராட்டியும் சரிங்கற மாதிரி. அவன் கைக்குழந்தையா இருந்தப்பக் கூப்பிடுவீங்களே, அப்படி.”

மதி இடியாப்பத்தில் தேங்காய்ப்பாலைச் சுற்றிச் சுற்றி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

விளக்கு போடும் நேரம். கூடத்தில் எல்லோரும் இருந்தோம். எழில் அக்காவின் மடியில் இருந்தான். நான் எதிரே நாற்காலியில் தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் தலை சட்டென்று உயர்ந்தது. மொட்டை மாடிப் படிக்கட்டைப் பார்த்தான்.

“தோ வ—”

அக்காவின் கை அவன் வாயை மூடிவிட்டது. கவிதா மடித்துக்கொண்டிருந்த துணி தரையில் விழுந்தது. மதி பாதி எழுந்து, “அப்பா, நீங்க—” என்று மாடிப் பக்கம் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த அறையில் என்னைத் தவிர எல்லோருக்கும் என் குரல் கேட்டிருக்கிறது. எனக்கு மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

“போகாதடா” என்றாள் அக்கா. போனேன். வேறு என்ன செய்வது? மொட்டை மாடியில் துணிக் கொடி, தண்ணீர்த் தொட்டி, காய்ந்துபோன ஒரு துளசித் தொட்டி. ஊரின் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. மலை இருட்டாகி, இருந்ததைவிடப் பக்கத்தில் வந்ததுபோல நின்றது. ஒருவரும் இல்லை. சுவரோரம் முழுக்கச் சுற்றிப் பார்த்தேன்.

பிறகு ஒன்று தோன்றியது. கவிதா சொன்ன மாதிரி, பொறுமையாக, ஒரே ஒரு முறை அவன் பெயரைச் சொல்லிப் பார்க்க ஆசையாக இருந்தது. வாயைத் திறந்தும்விட்டேன். கீழே இருப்பவர்களுக்கு அது யாருடைய குரல் என்று எப்படித் தெரியும் என்று நினைத்ததும் குரல் எழவில்லை. நானே அந்த மாடியில் இருந்துகொண்டு கூப்பிடுகிறவனாக இருந்துவிடுவேனோ என்று இருந்தது. இறங்கி வந்து மாடிக் கதவைத் தாழிட்டேன்.

அக்கா சொன்னதற்கு ஒப்புக்கொண்டேன். ஐந்தோவன் போகும் வரை யாரும் எழிலைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. பதினெட்டு மாதமாக ஒரு மாலைகூட விடாத பயிற்சி. அன்று அதை நிறுத்தினேன். அவனை உள்ளறையில் கவிதாவுக்கும் அக்காவுக்கும் நடுவில் படுக்க வைத்தார்கள். மதி சுவரோரம் படுத்தாள். கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் கூடத்தில் பாயை விரித்துக்கொண்டேன். மாடிப்படிக்கும் அந்தக் கதவுக்கும் இடையில் என் பாய் இருந்தது. தூங்கமாட்டேன் என்று நினைத்தேன். பயணக் களைப்பு, தூங்கிவிட்டேன்.

6

ஜூலை 30, புதன்கிழமை. கண் விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் வந்திருந்தது. பால்காரர் வண்டி தெருமுனையில் திரும்பும் சத்தம். வீட்டில் யாரும் எழுந்திருக்கவில்லை. பாயில் மல்லாந்து படுத்திருந்தேன். அப்போது கேட்டது.

“அப்பா.”

ஒரே ஒரு முறை. அவசரம் இல்லை, அழுகை இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அளப்பதே தொழிலாகக் கொண்ட எனக்கு உள்ளறைக் கதவா மாடிப்படியா என்று தெரியவில்லை. அது எழிலின் குரலா? அவன் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் எதுவும் இல்லை.

இரண்டாவது குரலுக்குக் காத்திருக்க வேண்டும் என்று தெரியும். மூன்றாவதற்குத்தான் பதில் என்றும் தெரியும். ஆனால் நாலரை ஆண்டு கழித்து ஒரு பிள்ளை முதல் முறையாக அப்பாவைக் கூப்பிட்டு, பதில் வராமல் போனால், அவன் இரண்டாம் முறை கூப்பிடுவானா? அதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. உள்ளறைக் கதவு சாத்தியே இருந்தது. மாடிப்படி காலியாகத் தெரிந்தது.

பாயிலிருந்து எழுவதற்கு முன்பே, கதவைத் திறந்து அவன் உள்ளே தூங்குகிறானா விழித்திருக்கிறானா என்று பார்ப்பதற்கும் முன்பே, “தோ வரேன்” என்றேன்.